சிவப்புப் பையில் இருப்பதை ரோட்டுக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்து மாஸ்க்குகளை வைத்து ஆஸ்திரேலியாவில் ரோடு போடப் போகிறார்கள் என்ற செய்தி இன்னமும் வாட்ஸ்அப்பில் அதிசயம் போலச் சுற்றுகிறது. மெல்போர்னில் உள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர் 2021-ல் சொன்னது அது. இடித்த கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியில் 1 சதவீதம் மாஸ்க் துண்டுகளைக் கலந்தால் ரோட்டின் அடித்தளத்துக்கு நன்றாகவே தாங்குகிறது, இருவழி ரோடு 1 கிலோமீட்டர் போட்டால் ஏறக்குறைய 30 லட்சம் மாஸ்க் அதற்குள் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல விஷயம்தான், ஆனால் அது ஆய்வகத்தில் செய்து பார்த்தது. நம் மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் கழிவையும் இப்படி ரோட்டுக்கு அனுப்பலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2002-லேயே கல்லூரி வளாகத்துக்குள் பிளாஸ்டிக் ரோடு போட்டுக் காட்டிவிட்டார். 2018-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். சுமார் 160 டிகிரிக்குச் சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் அது இளகிக் கல்லைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தாரை ஊற்றிக் கலக்க வேண்டியதுதான். தாரும் கொஞ்சம் மிச்சமாகும், ஜல்லிக்குள் தண்ணீரும் சுலபத்தில் இறங்காது. ரோடு போடும் தர விதிகளை வகுக்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2013-ல் இதற்கு வழிகாட்டுதலே போட்டிருக்கிறது.

மாஸ்க்கும் பி.பி.இ. கவுனும் (மருத்துவமனை ஊழியர்கள் போடும் பாதுகாப்பு அங்கி) பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான், அதாவது இந்த முறைக்கு ஒத்துவருகிற பிளாஸ்டிக். சிரிஞ்சின் உடம்பும் அதுவே. இதைவிட முக்கியமானது, 2016-ம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளைப் படித்தால் தெரியும்: மருத்துவமனையில் கழிவைப் பிரித்துப் போடும் வண்ணப் பைகளில் சிவப்புப் பையில் போகிற பிளாஸ்டிக்கை ஆட்டோகிளேவ் செய்து (அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), துண்டாக்கி, மறுசுழற்சிக்கோ ரோடு போடவோ கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆட்டோகிளேவ் சூடு 121 டிகிரி, பாலிப்ரொப்பிலீன் உருக அதைவிட நாற்பது டிகிரி அதிகம் வேண்டும், அதனால் கிருமி சாகும், பிளாஸ்டிக் அப்படியே நிற்கும். ஆக சட்டமும் இருக்கிறது, தொழில்நுட்பமும் இருக்கிறது. இல்லாதது, மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிற துண்டுகளை, ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்ட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லும் ஒரு உத்தரவு.

சும்மா கொட்டிக் கலக்கிவிடவும் முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே சிவப்புப் பையில்தான் டிரிப்ஸ் டியூப்பும் யூரின் பையும் வருகின்றன, அவை பெரும்பாலும் பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். அதைச் சூடு ஜல்லியில் போட்டால் வருகிற அமில வாயுவை மூச்சில் இழுக்கப் போவது பிளாண்ட்டில் நிற்கிற தொழிலாளிதான், டெண்டர் எடுத்தவர் இல்லை. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையோ எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதனால் வார்டிலேயே பி.வி.சி.யைத் தனியாகப் பிரிக்கிற ஏற்பாடு வேண்டும். நர்ஸ்களுக்கு இருக்கிற வேலை போதாதென்று இதையும் அவர்கள் தலையில் கட்டிவிடாமல், ஆள் போட்டுச் செய்யட்டும். கொரோனா வார்டு மாஸ்க்கை மஞ்சள் பையில் போட்டு எரிக்கச் சொன்னார்கள், அந்த நேரத்துப் பயத்துக்கு அது சரி. சாதாரண நாளிலும் எல்லா மாஸ்க்கையும் எரித்துத்தான் தீர வேண்டுமா என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி யோசிக்கலாம்.

இன்னொன்று, தெருவில் கிடக்கிற மாஸ்க்கைப் பொறுக்கி ரோட்டுக்கு அனுப்பலாம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுங்கள். பொறுக்கப் போவது தூய்மைப் பணியாளர்கள், பாதி நேரம் அவர்கள் கையில் உறைகூட இருக்காது. எடுப்பதாக இருந்தால் மருத்துவமனையிலிருந்து, கிருமி நீக்கிய பிறகு மட்டும்தான்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூரில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரி அனுப்பிக் கேரளத்தவர்களே அள்ளிக்கொண்டு போனதும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முறையாக அழிக்கச் செலவாகிறது, ராத்திரியில் கொட்டினால் அந்தச் செலவு இல்லை, விஷயம் அவ்வளவுதான். அந்தக் கழிவில் பிரித்தெடுத்த பிளாஸ்டிக்குக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று நெடுஞ்சாலைத்துறை விலை வைத்து வாங்கினால் கொட்டுகிறவர்களில் சிலராவது யோசிப்பார்கள். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில், பஞ்சாயத்து ரோடு ஒன்றில் போட்டுப் பார்க்கட்டும், இரண்டு மழைக்காலம் கழித்து அந்த ரோட்டின் நிலையையும் வடிகாலில் பிளாஸ்டிக் துகள் வருகிறதா என்பதையும் சோதித்து, முடிவை மறைக்காமல் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
சாலைப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
மதுரை