யோசனை சொல்லும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு மனு

அனுப்புநர்: சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு மனு எழுதிப் பிழைக்கும் ஒருவன்.

பெறுநர்: டீக்கடை பெஞ்சில், டவுன் பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் இருக்கும் போனில் என்று முன்பின் தெரியாத யாருக்காவது தினமும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கும் வேலூர் சுற்றுவட்டாரப் பெரியவர்கள், அண்ணன்மார், அக்காமார்.

பொருள்: ஆம்பூர் அம்மா ஒருவருக்கு நஷ்டமான ஒரு நாள் கூலி தொடர்பாக.

அய்யா, அம்மா, வணக்கம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். வரிசை வாசல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ஓர் அம்மா வந்து என் எதிரில் குந்தினார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, மனைப் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. அதை மாற்றிக்கொள்ளத்தான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். லீவு என்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. நான் பெயரை எழுதி, ஊரைக் கேட்டேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்றார். பேனாவை மூடிவிட்டேன்.

"யாரும்மா உங்கள இங்க வரச் சொன்னது?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடைல ஒரு அண்ணன். கலெக்டர் ஆபீஸ்னா வேலூர்தான், மொத பஸ்ஸப் புடின்னாரு."

ஆம்பூர் 2019 நவம்பரிலேயே நம் மாவட்டத்தை விட்டுப் பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டது. அந்த அம்மாவின் கலெக்டர் ஆபீஸ் நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அதுகூடப் போகட்டும். அவர் வேலைக்குக் கலெக்டரே வேண்டியதில்லை. வாரிசுச் சான்று வாங்கிக்கொண்டு, ஆம்பூரிலேயே ஓர் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட்டால் அது தானாகத் தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேரும். இதைச் சொன்னதும் அந்த அம்மா கோபப்படவில்லை. "அப்ப இவ்ளோ தூரம் வந்தது சும்மாவா சார்?" என்று மட்டும் கேட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அந்த டீக்கடை அண்ணன் கெட்டவர் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. அவர் இளவட்டமாக இருந்தபோது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் அரக்கோணத்துக்கும் எல்லாவற்றுக்கும் வேலூர்தான். 1989-க்கு முந்திப் போனால் திருவண்ணாமலைக்காரர்களே இங்கேதான் வந்தாக வேண்டும், அத்தனையும் ஒரே வடாற்காடு. அவர் ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னார். நம் ஊர்ப் பெருசுகளுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. கோட்டைக்குள்ளே 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் வந்து உட்கார்ந்துவிட்டார், 'சாமி இல்லாத கோயில்' என்ற கிண்டலை மட்டும் இன்னும் விட மனசு வரவில்லை. அந்தக் கிண்டலால் யாருக்கும் பஸ் சார்ஜ் போகவில்லை. அண்ணன் சொன்ன யோசனையால் போனது.

சரி, யோசனை சொல்லவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலூர் பிழைப்பதே அதில்தான். காட்பாடியில் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மருத்துவக் கோப்பும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிறவர்களுக்கு நம் ஆட்டோக்காரர்கள் வங்காளியிலேயே வழி சொல்கிறார்கள். காந்தி ரோடு பக்கம் ஓர் இட்லிக்கடை அக்கா இருக்கிறார். யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் முதலில் பதில் சொல்வதில்லை. "யாருக்கு? எத்தன நாளா? கையில எவ்ளோ இருக்கு?" என்று மூன்று கேள்வி. அப்புறம்தான் எந்த லாட்ஜ், சமையல் பண்ணிக்கொள்ள இடம் உண்டா, எத்தனை நாளைக்கு முன்பணம் என்றெல்லாம் சொல்வார். "அவ்ளோ காசுக்கு அங்க தங்காத, மூணாவது நாள் அழுவ" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் உண்டு. வைத்தியத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது எனக்குத் தெரியாதுப்பா, உள்ள போயி டாக்டரக் கேளு" என்று கரண்டியை எடுத்துக்கொள்வார். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து 'தெரியாது' என்று வாய்விட்டுச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், ஆனால் ரொம்ப இல்லை.

வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று பேசுவதைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான். என் புகார், பேச வேண்டிய இடத்தில் நீங்கள் பூசி மெழுகுகிறீர்கள் என்பது. புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால், கத்தரிக்காய் விலையைக்கூட அடித்துப் பேசுகிற நம் அக்காமார் உடனே குழைந்துவிடுகிறார்கள். "அனுசரிச்சுப் போ கண்ணு, கொழந்த மொகத்தப் பாரு." கேட்டவளுக்கு அது ஆறுதல் மாதிரி இருக்கும். அதை நம்பித் திரும்பிப் போன ஒருத்தி ஆறு மாதம் கழித்துக் கையில் கட்டோடு என்னிடம் மனு எழுத வந்தாள். அங்கே நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அடிப்பது குற்றம். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடு. 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் உன்னை அங்கிருந்து வெளியே தள்ள முடியாது. வக்கீலுக்குக் காசில்லை என்று பயப்படாதே, பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா? அவள் கேட்பாளா மாட்டாளா என்பது அவள் பாடு.

இதற்கு நேர்மாறாக, வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடத்தில் உங்கள் குரல் கணீரென்று வருகிறது. சொத்து விஷயம்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருக்கு ஒரு வீடு, ஒன்றரை ஏக்கர் கழனி. பெண்டாட்டி போய்விட்டார். ஒரு பையன், ஒரு பெண். யாரோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்த ஆள், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் யோசனை சொல்லியிருக்கிறார். "இருக்கும்போதே பையன் பேருக்கு எழுதிடு. பின்னால கோர்ட்டு கேஸுன்னு அலையக்கூடாது. பொண்ணுக்குத்தான் நக போட்டாச்சே." பெரியவரும் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். எட்டு மாதத்தில் அவருடைய கட்டில் திண்ணைக்கு வந்தது. அப்புறம் சாப்பாடு நின்றது. என்னிடம் வந்தபோது மகள் வீட்டிலிருந்து வந்தார், நகை போட்டு அனுப்பிய அதே மகள்.

பந்தியில் பேசியவருக்கு உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. செட்டில்மெண்ட் பதிவானதும் சொத்து கை மாறிவிடும். உயில் அப்படியில்லை. எழுதியவர் கண் மூடிய பிறகுதான் அதற்கு உயிர் வரும், அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம். இரண்டு சாட்சிக் கையெழுத்து கட்டாயம், பதிவு செய்வது நல்லது, ஆனால் பதிவு கட்டாயம் இல்லை. பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பேச்சும் காலாவதியான பேச்சு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும், தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட நகையால் இந்த உரிமை அழியாது.

பெரியவருக்கு ஒரு வழி இருந்தது. 2007-ம் வருஷத்து பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று உண்டு. 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். வக்கீல் இல்லாமல் தானே போய் நிற்கலாம். ஆனால் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று இருக்கிறதே தவிர, அந்த நிபந்தனை ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எவ்வளவு அலைச்சல் என்று எழுதினால் இந்த மடல் முடியாது. மாதாமாதம் ஜீவனாம்சம் கேட்டு ஒரு மனு, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு ஒரு மனு, இரண்டும் எழுதிக் கொடுத்தேன். பந்திக்காரர் இப்போது வேறு ஏதாவது கல்யாணத்தில் வேறு யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஒரு புதன்கிழமை. பாங்கிலிருந்து பேசுகிறோம் என்று எவனோ போன் பண்ணி, நம்பரைக் கேட்டு, கணக்கிலிருந்து 38,000 ரூபாயை உருவிவிட்டான். முந்தின நாள் சாயங்காலம் நடந்தது. மகளின் காலேஜ் ஃபீஸ் பணம். "என்ன பண்ணலாம் சார்?" என்றார். நான் ரொம்பத் தெளிவாக, இருபது வருஷ அனுபவசாலியின் குரலில், "திங்கட்கிழமை வாங்க. கலெக்டர் கையிலயே குடுக்கிற மாதிரி நல்லா எழுதித் தர்றேன்" என்றேன். அவரும் நம்பிக்கையோடு திங்கட்கிழமை வந்தார். மனுவும் பிரமாதமாகத்தான் எழுதினேன். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற காலேஜ் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "1930-க்கு அடிச்சீங்களாண்ணா?" என்று கேட்டான். அடிக்கவில்லை. எனக்கு அந்த எண்ணே தெரியாது. பணம் போன சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணில் சொல்லிவிட்டால், அது கணக்கு விட்டுக் கணக்கு தாண்டுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டாம். புதன்கிழமையே சொல்லியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ. என்னிடம் இருக்கிற ஒரே மருந்து மனு, அதனால் வந்த எல்லா வியாதிக்கும் மனுவையே கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. மனுவுக்கான காசைக்கூட நீட்டினார். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எண்களை எழுதிவைத்திருக்கிறேன். 1930, 181, 15100, முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098. கேட்கிறவர் பேசி முடிக்கும் வரை பேனாவைத் திறப்பதில்லை. எந்த ஊர், எந்தத் தாலுகா என்பதை முதலில் கேட்டுவிடுகிறேன்.

நாய்க்கடிக்குச் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைக்கச் சொல்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தயவுசெய்து நிறுத்துங்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொல்லுங்கள், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், ஊசிக்கு அங்கே காசு இல்லை. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே கிடையாது.

மற்றதில் எல்லாம் உங்கள் பேச்சை நான் தடுக்கப்போவதில்லை, தடுக்கவும் முடியாது. பெண் பார்க்கிற விஷயமோ, பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதோ, மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்பதோ, தெரியாதவர் சொல்வதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. சொந்தக்காரர் சொன்னால் உள்நோக்கம் தேடுவோம். பஸ்ஸில் வந்தவர் பள்ளிகொண்டாவில் இறங்கிப் போய்விடுவார், அவருக்கு நம்மிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் உள்ளதைச் சொல்வார். என் தங்கை பையன் படிப்பை விட இருந்தபோது அவனைத் திருப்பியது நாங்கள் யாரும் இல்லை, ரயிலில் எதிர் சீட்டில் வந்த ஒரு லாரி டிரைவர். "நான் விட்டேன், என்னப் பாரு" என்றாராம். தன் கதையைத்தான் சொன்னார், அவன் கதையை அவர் முடிவு பண்ணவில்லை.

ஆகவே அய்யா, அம்மா, என் கோரிக்கை சின்னதுதான். கேள்வி கேட்ட பிறகு பதில் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லும்போது "கேள்விப்பட்டேன், விசாரிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தையை அண்ணன் சேர்த்திருந்தால் ஆம்பூர் அம்மா பஸ் ஏறுவதற்கு முன்னால் இன்னொருவரைக் கேட்டிருப்பார்.

நான் தப்பாகச் சொன்னாலும் வந்து சொல்லுங்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அதே இடத்தில்தான் இருப்பேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணன் இதைப் படித்தால் அவரும் வரலாம், டீ என் கணக்கு. அந்த அம்மாவின் ஒரு நாள் கூலியில் பாதியை நான் போடுகிறேன், மீதிப் பாதியை அவர் போடட்டும்.

இப்படிக்கு,
மனு எழுதுகிறவன்,
சத்துவாச்சாரி.