பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு நடத்தும் வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் அவர்களை மிருகங்கள் என்று சொல்லாதவர் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் நம் வீட்டுப் பையன்களைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்பதால், அந்தச் சொல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒருநாள் மதிய இடைவேளையில், பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஏழெட்டுத் தலைகள் ஒரு செல்போனின் மேல் கவிழ்ந்திருக்க, ஓரத்தில் நின்ற மாணவன் ஒருவன் திரையைப் பார்க்காமல் மற்றவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்ததையும், அவர்கள் சிரித்த பிறகு சற்றுத் தாமதமாகத் தானும் சிரித்ததையும் சன்னல் வழியே கண்டேன். தனியே அழைத்துக் கேட்டபோது, "பாக்கலைன்னா பொட்டைன்னு கூப்பிடுவாங்க சார்" என்றான். செல்போனைப் பறிமுதல் செய்து பெற்றோரை வரவழைத்தோம். அவனுடைய தந்தை எல்லோர் முன்னிலையிலும் அவனை அறைந்துவிட்டு, "இனிமே பாக்க மாட்டான்" என்று சொல்லிப் போனார். அவன் என்ன பார்த்தான், அதில் வரும் பெண்ணைப் பற்றி என்ன நினைத்தான் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

பெண்ணின் மீதுள்ள ஆசையைக் காட்டிலும், கூட்டாளிகள் முன் மதிப்பிழந்துவிடுவோமோ என்ற பயமே இந்த வயதுப் பையன்களை அதிகம் ஆட்டிவைக்கிறது என்பது என் அனுபவம். வேண்டாம் என்றவளின் பின்னால் பாதிப் படம் அலைந்து அவளை இணங்க வைப்பவனையே நாயகன் என்று நம் சினிமா நெடுங்காலமாகக் காட்டி வருகிறது. அப்படிப் பின்தொடர்வது 2013ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதை எந்த வகுப்பிலும் நாங்கள் சொன்னதாக நினைவில்லை. 2018இல் 827 ஆபாசத் தளங்களை முடக்க அரசு உத்தரவிட்டது. ஆனால் முடக்கிய தளங்களையும் திறக்க உதவும் விபிஎன் என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டதே மாணவர்களிடம்தான்.

சிறார் ஆபாசப் படங்கள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை 2024 செப்டம்பரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விரிவான பாலியல் கல்வி குறித்துப் பரிசீலிக்குமாறு ஒன்றிய அரசுக்கு யோசனை கூறியது. எங்கள் பள்ளியிலோ, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிய விழிப்புணர்வு வகுப்பு என்றால் மாணவிகளை அறையில் அமர வைத்துவிட்டுப் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இனியேனும் அந்த நேரத்தில் பையன்களையும் தனியே அமர வைத்து, பயிற்சி பெற்ற ஆண் ஆசிரியர்கள் அவர்களுடன் பேசக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் இதைப் பேசலாம். ஆனால் அதற்குத் தந்தையர் வர வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் கூட்டங்களுக்கு வருவோர் பெரும்பாலும் தாய்மார்களே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோவை மாவட்டம்.