டிஸ்சார்ஜ் ஆன பிறகு கிட்னியை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை வந்தால் உங்கள் சேலம் பதிப்பில் வயிற்றுப்போக்குச் செய்திகள் வருகின்றன. மழை பிடித்துவிட்டால் பாம்புக்கடி, எலிக்காய்ச்சல். இவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் வரை போனதையும் எழுதுகிறீர்கள். செய்தி பெரும்பாலும் 'சிகிச்சைக்குப் பின் நலமுடன் வீடு திரும்பினார்' என்று முடிந்துவிடுகிறது. கிட்னியைப் பொறுத்தவரை அது அவசரப்பட்ட வரி.

திடீர் சிறுநீரகச் செயலிழப்பிலிருந்து ஒருவர் தேறிவிட்டால் கிட்னி பழையபடி ஆகிவிடும் என்றுதான் மருத்துவர்களே நீண்ட காலம் நம்பினார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள், பாதிப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தவர்கள், கிட்னி இரண்டு மூன்று முறை அடிபட்டவர்கள், சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள் ஆகியோரில் கணிசமானோருக்குப் பின்னாளில் நாள்பட்ட சிறுநீரக நோய் வருகிறது. லேசாக அடிபட்டவர்களுக்கும் ஆபத்து முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

காரணம் இதுதான். ஒரு கிட்னியில் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகள், உண்டு. உடம்பில் நீர் வற்றி ரத்த ஓட்டம் குறையும்போது முதலில் சாவது அவற்றின் நுண்குழாய்களில் உள்ள செல்கள். அவை ஓயாமல் உழைப்பவை; அவற்றில் பல, சாதாரண நாளிலேயே ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் உட்பகுதியில் இருப்பவை. அடி லேசாக இருந்தால் பிழைத்த செல்கள் பெருகிக் குழாயின் உட்சுவரை மீண்டும் மூடிவிடும். அடி பலமாகவோ நீண்டதாகவோ இருந்தால் சில செல்கள் பாதியில் நின்று, சுற்றியுள்ள திசுவைத் தழும்பாக்கும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அதோடு நுண்ணிய ரத்தக் குழாய்களும் குறைந்து, ஆக்சிஜன் இன்னும் தட்டுப்பட்டு, தழும்பு வளரும். போன நெஃப்ரான் புதிதாக முளைக்காது. தறியின் பாவில் சில இழைகள் அறுந்தால் மிச்ச இழைகள் இழுவையைத் தாங்குவது போல, எஞ்சிய நெஃப்ரான்கள் அதிக அழுத்தத்தில் வேலை செய்யும். சில ஆண்டுகளில் அவையும் புரதத்தைக் கசியவிட்டுத் தேயும். இந்தக் காலம் முழுவதும் நோயாளிக்கு வலி, வீக்கம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. சிறுநீர் தாராளமாகப் போகும். 'யூரின் நன்றாகத்தானே போகிறது' என்பது நல்ல கிட்னிக்குச் சான்று ஆகாது.

ரிசல்ட் தாளில் நட்சத்திரக் குறி இல்லை என்பதும் சான்று ஆகாது. 50 வயது ஆண் ஒருவருக்கு நோய்க்கு முன், கிட்னி வடிகட்டி வெளியேற்றும் ரத்தக் கழிவான கிரியேட்டினின் 0.7 என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 112 மில்லி அளவில் இருக்கும். வீடு திரும்பும்போது 1.2. பெரும்பாலான லேப் தாள்களில் இது 'நார்மல்' எல்லைக்குள்தான் வரும். ஆனால் திறன் 74-க்கு இறங்கிவிட்டது, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால் திறன் 55 மட்டுமே. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே அது நாள்பட்ட நோய். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஐசியுவில் மூன்று வாரம் கிடந்து உடம்பு இளைத்தவருக்கு, கிட்னி தேறாமலே அந்த எண் குறைந்து காட்டும். அவர் சாப்பிட்டுத் தேறி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு எடுக்கும் அளவையே நம்பலாம். சந்தேகம் இருந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி சோதனை இருக்கிறது.

ஆகவே கணக்கு இப்படி. பாதிப்பு கடுமையாக இருந்தவர்கள் வீடு திரும்பி 1 முதல் 2 வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். லேசாக இருந்தவர்கள் உட்பட எல்லோரும் 3-வது மாதத்தில் கிரியேட்டினினோடு புரதக் கசிவைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் முக்கியமானது அதுதான். கிரியேட்டினின் அசைவதற்கு முன்பே கசிவைக் காட்டுவது அதுவே. கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். காலை முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சலின்போது, மாதவிடாய் நாளில், கடும் உடலுழைப்புக்குப் பின் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டலாம். விகிதம் பார்க்க வசதி இல்லாத இடத்தில் சிறுநீரில் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சோதனையாவது செய்யலாம். அதில் புரதம் 1+ வந்தால் விகிதத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஏற்காடு மலையில் நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்து ஆள் இதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வரத் தேவையில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம், டிஸ்சார்ஜ் தாளில் அப்படி எழுதியிருந்தால்.

நம் பகுதியில் கிட்னி எப்படி அடிபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி விரியன் கடியில் சிலருக்குக் கிட்னியின் புறப்பகுதியே செத்துவிடும்; அது திரும்பாது. கடித்த இடத்தில் கயிறு கட்டி, மந்திரிக்கக் கூட்டிப்போய் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விஷமுறிவு மருந்தைத் தள்ளிப்போடுகிறது. ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்கள், சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தலைதூக்கும் மாதங்களும்கூட. ஐந்தாறு நாள் விடாத காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கான டாக்சிசைக்ளின் விலை மலிந்த மாத்திரை. தாமதமானால் கிட்னியும் நுரையீரலும் சேர்ந்து பாதிக்கும்.

இவற்றைவிடச் சத்தமில்லாமல் நடப்பது வலி மாத்திரை. தறி ஓட்டி இடுப்பு வலி, கொலுசுப் பட்டறையில் குனிந்து கழுத்து வலி. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக். வெக்கையில் தண்ணீர் குடிக்காத உடம்பில், கிட்னிக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருக்கும் சுரப்பை இந்த மாத்திரை நிறுத்திவிடுகிறது. அவரே எனலாபிரில் அல்லது டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வெளியேறும் குழாயும் தளர்ந்திருக்கும். கூடவே சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையும் இருந்தால் வடிகட்டும் அழுத்தம் சரிந்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் இந்த ரத்த அழுத்த மாத்திரைகள், நீர் மாத்திரை, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று மருத்துவரையோ, வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பணியாளர் மூலமோ கேட்டுவிட வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் தொடங்குவது வழக்கம். நிறுத்தியதை அப்படியே மறந்துவிடுவது இன்னொரு கேடு. சிறுநீரில் புரதம் கசிபவருக்கு அதே எனலாபிரில்தான் காவல். மறுபடி தொடங்கி 1–2 வாரத்தில் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பதறத் தேவையில்லை. அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் கூடினாலோதான் யோசிக்க வேண்டும்.

ஓஆர்எஸ் விஷயத்திலும் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு. அதை டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு பல மடங்காகிக் குழந்தைக்குக் கேடு. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறார்கள், உறையைப் படித்துக் கலக்க வேண்டும். தேறிவரும் கிட்னிக்கு வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் நல்லது என்று உறவினர் வாங்கி வருவதும் உண்டு. பொட்டாசியம் ஏறியிருப்பவருக்கு அவை இதயத்தையே நிறுத்தக்கூடும். தண்ணீரும் அப்படித்தான். தேறும் கட்டத்தில் நாளுக்கு 3–4 லிட்டர் சிறுநீர் போகிறவரிடம் 'கிட்னி நோயாளி, தண்ணீரைக் குறை' என்றால் மறுபடி அடிபடும். எவ்வளவு குடிப்பது என்பதைச் சிறுநீர் அளவையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். உப்பு மட்டும் பெரும்பாலோருக்கு ஒன்றே: சமையல், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள்.

அரசு, தனியார் எதுவானாலும் மாவட்ட மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் தாளில் 'செப்சிஸ்' (உடலெங்கும் பாதிக்கும் கடும் கிருமித்தொற்று), 'பாம்புக்கடி' என்று மட்டும் எழுதாமல், 'திடீர் சிறுநீரகப் பாதிப்பு' என்பதையும் நோயின் பெயராகவே எழுதுங்கள். பழைய கிரியேட்டினின், ஏறிய உச்சம், வீட்டுக்குப் போகும்போது இருந்த அளவு, எத்தனை டயாலிசிஸ், நிறுத்திய மாத்திரை எது, எப்போது மீண்டும் தொடங்குவது, மூன்று மாதச் சோதனைக்கான தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். நோயாளிகள் அந்தத் தாளை லேமினேட் செய்தோ, செல்போனில் படம் எடுத்தோ வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் ஸ்கேனுக்காக நரம்பில் சாயம் ஏற்றுவதற்கு முன்பும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் அதைக் காட்ட வேண்டும். பெண்கள் என்றால் அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே செவிலியரிடம் காட்டுவது நல்லது. முன்பு கிட்னி அடிபட்டவருக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு, கிரியேட்டினின் நார்மலாகிவிட்டிருந்தாலும், மற்றவர்களைவிட அதிகம்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவு மருத்துவர்,
அஸ்தம்பட்டி, சேலம்