முதலில் கமராவின் கடிகாரத்தைப் பாரும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

எந்தக் கமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தீர். ஆட்சி ஆட்டங்காணும் காலத்தில் செய்திப்படம் எடுக்க வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டு மெமரி கார்ட் போடக்கூடிய பாவித்த கமரா ஒன்று, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, பற்றரி மூன்று. தொடங்க இது போதும். தூரத்தைக் கிட்ட இழுக்கும் 70-200 லென்ஸ் பிறகு வரட்டும். தூர நின்று எடுத்துப் பழகினால் கிட்டப் போகக் கால் எழும்பாது.

கமரா கைக்கு வந்ததும் அதன் கடிகாரத்தைச் சரிசெய்யும். பிறகு ஒவ்வொரு நாளும் வெளிக்கிட முதல், விநாடி ஓடும் கைபேசிக் கடிகாரத்தை ஒரு படம் எடும். கமரா நாற்பது விநாடி பிந்தி ஓடினாலும் அந்த ஒரு படத்தை வைத்து அன்றைய முழுப் படங்களின் நேரத்தையும் திருத்தலாம். இரண்டு கமரா கொண்டுபோனால் இரண்டாலும் எடும்.

இதற்கு ஏன் இவ்வளவு கரைச்சல் என்று நினைப்பீர். இலங்கையில் 2022 மே 9ஐ எடுத்துக்கொள்ளும். கொழும்பில் பிரதமரின் அலரி மாளிகைக் கூட்டத்துக்கு வந்த அவரது ஆதரவாளர்கள் வெளியே வந்து, முதலில் வாசலில் இருந்த மைனாகோகம என்ற போராட்டக்காரரின் கூடாரங்களை உடைத்தார்கள். பிறகு காலி வீதியால் நடந்து காலிமுகத்திடலில் இருந்த பெரிய போராட்டக் களமான கோட்டாகோகமவைத் தாக்கினார்கள். பின்னேரம் பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். இரவில் பல ஊர்களில் ஆளுங்கட்சிக்காரரின் வீடுகள் எரிந்தன. எது முன், எது பின் என்பதுதான் அந்த நாளின் முழு வழக்கும். நேரம் பிழைத்த படத்தை அந்த வழக்கில் எந்தப் பக்கமும் தன் பக்கம் இழுக்கும்.

அடுத்தது, எங்கே நிற்பது. காலிமுகத்திடலையே பார்ப்போம். வடக்கு முனையில் ஜனாதிபதி செயலகம், மேற்கே கடல். மே முதல் செப்டெம்பர் வரை சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கண்ணீர்ப்புகை கிழக்கே போகும் என்பதால் கடல் பக்கம் நிற்பது கண்ணுக்கு நல்லது. ஆனால் கூட்டம் நெருக்கினால் முதுகுக்குப் பின்னால் கடல்தான், ஓட வழியில்லை. அதனால் கடலோரமாக, தெற்கே போகும் வழி திறந்திருக்கிற இடமாகப் பார்த்து நில்லும். பொலிஸ் வரிசைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். இரண்டு வரிசையும் தெரிகிற பக்கவாட்டே நல்லது. கமராவுக்குள் கண்ணைப் புதைத்துவிட்டால் பக்கத்தில் நடப்பது தெரியாது. பத்துப் படத்துக்கு ஒருமுறை தலையை எடுத்துத் திரும்பிப் பாரும்.

கறுப்புச் சட்டை, கட்சி நிறம், காக்கி, பச்சை எதுவும் வேண்டாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் வேண்டாம், புகை அதற்குள் சிக்கும். நீச்சல் கண்ணாடி நல்ல காவல். கண் எரிந்தால் கசக்காமல், சுத்தமான தண்ணீரைப் பத்து நிமிடமாவது ஊற்றும். விழுந்த புகைக்குண்டைக் கையால் தொட வேண்டாம், சுடும்.

புகைக்குள் ஓட்டோபோக்கஸ் (கமரா தானாகத் தெளிவு பிடிப்பது) தடுமாறும். 35 மி.மீ. லென்ஸின் துவாரத்தை f/8இல் வைத்து, போக்கஸைக் கையால் ஐந்து மீட்டரில் நிறுத்தும். முழுச்சட்டகக் கமராவில் ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். பகலில் ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் கீழே போக வேண்டாம். வெண்புகை சட்டகத்தை நிறைத்தால் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்சத்தை நீர் ஒரு ஸ்டொப் (இரு மடங்கு) வரை கூட்டிக்கொள்ளும். கடற்காற்றில் லென்ஸ் கழற்றினால் உப்பும் மணலும் சென்ஸரில் ஒட்டும். பிறகு வானம் முழுக்கப் புள்ளிதான்.

முக்கியமான படம் விழுந்ததும் கார்டை மாற்றி, எடுத்ததை உள்பையில் வையும். யாராவது மிரட்டி அழிக்கச் சொன்னால் அழித்துவிடும், உயிர் பெரிது. ஆனால் அந்தக் கார்டில் மேலும் ஒரு படமும் எடுக்க வேண்டாம். மேலே புதிதாக எழுதப்படாதவரை மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம்.

கூட்டம் பெருகினால் கைபேசி அலைவரிசை நெரிந்துபோகும். அரைக் கிலோமீட்டர் விலகிப் போய் மூன்று படம் மட்டும் அனுப்பும். வாட்சப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், உள்ளே பதிந்த நேரமும் போய்விடும். ஆவணமாக அனுப்பும். வெட்டலாம், வெளிச்சம் திருத்தலாம், எதையும் அழித்து ஒட்டக்கூடாது. மூலக் கோப்பு இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

படக்குறிப்பில் கண்டதை மட்டும் எழுதும். 'கலைந்தனர்' வேறு, 'கலைக்கப்பட்டனர்' வேறு. முகங்களைப் பற்றியும் யோசியும். 2022 ஜூலையில் கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது எடுத்த ஜனாதிபதியின் கொடியைப் படுக்கை விரிப்பாக்கியதாக ஒருவர் பின்னர் கைதானார், காட்டிக்கொடுத்தது காணொளி. வெளியிடுவதா இல்லையா என்பதை ஆசிரியரோடு பேசி முடிவெடும். ஆனால் முகத்தை மறைப்பது வெளியிடும் பிரதியில் மட்டும், மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

கொழும்பு கொதிக்கும்போதுதான் மாற்றம் நடக்கிறது என்று எண்ணி வடக்கிலுள்ள கிளிநொச்சியை விட்டுவிடாதேயும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அங்கே 2017 பெப்ரவரி 20இல் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அங்கே 1/500 தேவையில்லை, நேரம்தான் தேவை. முதல் அரை மணித்தியாலம் கமராவைப் பைக்குள்ளேயே வைத்திரும். அம்மாமார் பிடித்திருக்கும் படங்களுக்கு பிளாஸ்டிக் உறை இருந்தால் நேரே நின்று எடுக்கும்போது வானம் அதில் வெள்ளையாக விழுந்து பிள்ளையின் முகம் மறையும். ஓரடி பக்கமாக நகரும், அல்லது படத்தைக் கொஞ்சம் கீழே சரிக்கச் சொல்லிக் கேளும். பிறகு பிள்ளையின் பெயரையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் திகதியையும் கேட்டு எழுதி, எழுதியதை அம்மாவுக்கே வாசித்துக் காட்டும்.

அன்புடன்,
அண்ணா