தம்பினோடு நின்றுபோன தண்டவாளம்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

பள்ளிச் சுற்றுலா என்றால் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மலாக்காதான். விடியற்காலையில் பஸ் ஏறித் தூங்கிவிடுவார்கள். கண் விழித்தால் மலாக்கா வந்திருக்கும். அடுத்த முறை அவர்களை ரயிலில் கூட்டிப்போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன விடுமுறையில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு செந்தூலில் கொம்யூட்டர் ஏறினேன். பத்துமலையிலிருந்து வரும் அந்த ரயில் காஜாங், சிரம்பான் தாண்டி, புலாவ் செபாங்–தம்பின் நிலையத்தோடு முடிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பயணம். மலாக்கா நகரம் அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

ரயிலில் சாப்பிடக்கூடாது. அதனால் நிலையத்துக்கு வெளியே வந்துதான் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அப்போதுதான் மகன் கேட்டான், "மலாக்காவுக்கு ஏம்ப்பா ரயில் போகல?"

போய்க்கொண்டுதான் இருந்தது. 1905 முதல் தம்பினிலிருந்து மலாக்கா வரை ஒரு கிளைப்பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அதைப் பெயர்த்து, சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். 1942-இல் தொடங்கி 1943-இல் முடித்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்ய நம் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் ஆட்களைப் பிடித்துப்போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கையில், சோறு அள்ளிய கையை அப்படியே நிறுத்திவிட்டார் அம்மா. "எங்க பெரியப்பாவும் போனாரு. திரும்பி வரல." அம்மா இதைப் பிள்ளைகளிடம் சொன்னது அன்றுதான் முதல் முறை. சரி, இனி அவரே பேசட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு வண்டி பிடித்து மலாக்கா போனோம். செங்கட்டடம், சந்தியாகோ வாயில் எல்லாம் பார்த்தோம். அவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டிய இடம் துக்காங் எமாஸ் தெரு. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. சில அடி தள்ளிப் பள்ளிவாசல், அதையும் தாண்டினால் சீனக் கோயில். இந்தச் செட்டிகள் மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து தங்கிய தமிழர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். கும்பிடுவது நம் சாமிகளை. "அப்போ பால்மரம் வெட்ட வர்றதுக்கு முன்னாடியே நாம இங்க வந்துட்டோமா?" என்றாள் மகள். பத்து வயதுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது சிரமம்தான், தெரியும். தம்பினிலிருந்து மட்டும் ஒரு பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்தால் போதும். அப்புறம், சயாமுக்குப் போனவர்களின் வீட்டுப் பெரியவர் யாராவது உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அவரையும் கூட்டிச்செல்லுங்கள். நிலையத்துக்கு வெளியே அரைமணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து அவரைப் பேசவிடுங்கள்.

சனிக்கிழமையில் வைத்தால் நானும் துணைக்கு வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து ஒரு தகப்பன்