செயலாளர் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மூத்த ஆட்டக்காரர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது கால்பந்து ரசிகர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடை முகாம் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கித் தரும் திட்டம் தொடர்கிறது. சந்தா பாக்கி யார் யாருக்கு என்று அவரவருக்கே தெரியும் என்பதால் பெயர் வாசிக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

ஆண்டின் பின்பாதிதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜூலையில் இந்தியாவின் பெரிய கால்பந்து லீகான ஐ.எஸ்.எல். போட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டன. நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டமாகக் கிளம்பிப் போகிற சனி, ஞாயிறுகள் காலியாயின. அந்த லீகில் ஆடும் நம் ஊர் அணியான சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சியாளர் ஓவன் கோய்லும் விடைபெற்றுவிட்டார். அந்தச் சமயத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், கோய்லின் படத்தை நம் படிப்பகத்தில் மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே எதிர்ப்பும் வந்தது. “எந்த ஊரிலும் நிலைக்காத மனுஷனுக்குப் படம் எதுக்குங்க?” என்றார் இன்னொருவர். சரி, முதலில் அவர் கதையை முழுசாகப் பேசித் தீர்ப்போம், ஆணி அடிப்பதை அப்புறம் பார்க்கலாம் என்று குழு முடிவு செய்தது. காலியான மாலைகள் அவருக்கே போயின. அங்கே பேசியதன் சாரம் பதிவில் இருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகத் தருகிறேன்.

கோய்ல் 1966இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் அயர்லாந்தில். அதனால்தான் 1994 ஏப்ரலில் நெதர்லாந்துக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக, அயர்லாந்துச் சட்டையில் இறங்கினார். சர்வதேசக் கணக்கு அந்த ஒரே ஆட்டத்தோடு சரி. கிளப் கணக்குதான் நீளம்: டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி, போல்டன், டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபர்ம்லின், ஃபால்கர்க் என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரைக்கராக அவரைப் புரிந்துகொள்ள ஓர் ஆட்டம் போதும். 1995 மே, லண்டனின் வெம்பிளி மைதானம். இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகுக்கு ஏறப்போவது கோய்ல் ஆடிய போல்டனா, ரெடிங்கா என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஃபைனல். பன்னிரண்டு நிமிடத்துக்குள் ரெடிங் இரண்டு கோல் போட்டுவிட்டது. மூன்றாவதுக்குப் பெனால்டியும் கிடைத்தது. போல்டன் கீப்பர் பிரானகன் அதைத் தடுத்தார். 75ஆவது நிமிடத்தில் கோய்ல் ஒன்றைத் திருப்பினார். அதன் பிறகு ரெடிங்கின் கால்கள் தளர்ந்துவிட்டன. கடைசியில் எக்ஸ்ட்ரா டைமில் 4-3 என்று போல்டன் ஜெயித்தது. ஆனால் ஏற்றிவிட்ட பிரீமியர் லீகில் அவர் சில மாதம்தான் இருந்தார். அதே ஆண்டு டண்டீ யுனைடெட்டுக்குப் போய், 1996 மே மாதம் அவர்களும் மேல் டிவிஷனுக்கு ஏறும் பிளே-ஆஃபில் வெற்றி கோலை அடித்தார். ஏற்றிவிடுவது, கிளம்புவது என்ற பழக்கம் ஆடும் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

பயிற்சியாளர் வாழ்க்கையில் அதிர்ஷ்டம் அவரோடு அதிகம் விளையாடியது. 2003இல் ஃபால்கர்க்கில் ஜான் ஹியூஸோடு சேர்ந்து பொறுப்பில் இருந்தபோது ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலை லீகான முதல் டிவிஷனை ஜெயித்தும், ஸ்டேடியம் விதிமுறைக்கு ஏற்றதாக இல்லை என்று மேல் டிவிஷனுக்கு ஏற அனுமதி மறுத்தார்கள். 2007 ஏப்ரலில் அவர் பயிற்சியளித்த செயின்ட் ஜான்ஸ்டன் சீசனின் கடைசி நாளில் 4-3 என்று ஜெயித்துவிட்டுக் காத்திருந்தது. வேறு ஊரில் பட்டத்துக்குப் போட்டியில் இருந்த கிரெட்னா ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் கிரெட்னா ஒரு கோல் போட, சாம்பியன் பட்டம் கை நழுவியது. அதே சீசனில் பெரிய அணியான ரேஞ்சர்ஸை அவர்களின் சொந்த மைதானமான இப்ராக்ஸிலேயே 2-0 என்று வீழ்த்தியவர்கள் செயின்ட் ஜான்ஸ்டன்காரர்கள்.

அடுத்து அவர் பயிற்சியளித்த இங்கிலாந்து அணியான பர்ன்லி பற்றிப் பேசியது இரண்டு மாலைக்கு இழுத்தது. இழுக்கத்தான் வேண்டும். 2008-09 லீக் கப்பில் செல்ஸியை அவர்கள் கிரவுண்டிலேயே பெனால்டியில் வீழ்த்தினார்கள், ஆர்சனலை 2-0. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டோட்டன்ஹாமிடம் 4-1 என்று அடி வாங்கி, இரண்டாவதில் தொண்ணூறு நிமிடத்தில் 3-0 என்று கணக்கைச் சமன் செய்தார்கள். எக்ஸ்ட்ரா டைம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது டோட்டன்ஹாமின் பாவ்லியுசென்கோ அடித்தார், பின்னாலேயே டெஃபோ. வீடியோ தெரிந்த கதைதான் என்றாலும் நம் படிப்பகத்தில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். இப்படித் தோற்ற அணி பிறகு சோர்ந்துவிடும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பர்ன்லியோ அந்த மே மாதமே வெம்பிளியில் வேட் எலியட்டின் ஒரே கோலால் ஷெஃபீல்ட் யுனைடெட்டை வென்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு மேல் டிவிஷனுக்குத் திரும்பியது. ஆகஸ்டில் பந்து தரையில் படுமுன் ராபி பிளேக் அடித்த உதையில் மான்செஸ்டர் யுனைடெட்டையும் 1-0 என்று தோற்கடித்தது.

2010 ஜனவரியில், சீசனின் நட்ட நடுவில், கோய்ல் அங்கிருந்து போல்டனுக்குப் போனார். பர்ன்லிக்காரர்கள் யூதாஸ் என்றார்கள். அவர்கள் அணி அந்த ஆண்டே கீழே இறங்கியது. படம் வேண்டாம் என்பவர்களின் பலமான சாட்சி இதுதான், நான் மறைக்க விரும்பவில்லை. போல்டன் முதலில் நன்றாகவே ஆடியது. ஜாக் வில்ஷெர், டேனியல் ஸ்டரிட்ஜ் போன்ற இளைஞர்களை இரவல் வாங்கி மிரட்டலாக ஆடவிட்டார். 2011 எஃப்.ஏ. கப் அரையிறுதியில் ஸ்டோக்கிடம் 5-0 என்று வாங்கியதும் எல்லாம் சரியத் தொடங்கியது. 2012இல் அணி இறங்கியது, அக்டோபரில் அவர் வேலை போனது. விகன், ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி எல்லாம் குறுகிய கால வேலைகள். அவற்றில் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை.

போல்டன் காலத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2012 மார்ச் 17, டோட்டன்ஹாம் மைதானத்தில் போல்டனின் ஃபாப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்தார். 78 நிமிடம் இதயம் துடிக்கவில்லை, ஆனாலும் பிழைத்தார். மைதானத்திலேயே உடனே மார்பை அழுத்தத் தொடங்கியதும், கூட்டத்தில் இருந்த இதய நிபுணர் ஒருவர் ஓடி வந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். கோய்ல் ஆம்புலன்ஸிலேயே ஏறி மருத்துவமனைக்குப் போனார். அன்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், “நம்ம கிரவுண்டுல பசங்க விழுந்தா யாருக்கு இது தெரியும்?” என்று கேட்டார். ஒருவரிடமும் பதில் இல்லை. மறு மாதமே சி.பி.ஆர்., அதாவது நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்தும் முதலுதவிப் பயிற்சி வைத்தோம். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது அழுத்தம், பெரியவர்களுக்கு குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம். பொம்மையின் மார்பில் கை வைத்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் வியர்த்துவிட்டார்கள்.

இனி நம்ம ஊர். 2019 டிசம்பரில் கோய்ல் வரும்போது சென்னையின் எஃப்.சி. பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. சீசன் முடிவில் நான்காம் இடம். டிஃபென்ஸில் பதுங்காமல் கிரிவெல்லாரோ, சாங்டே, வால்ஸ்கிஸ் மூவரையும் முன்னால் தள்ளி ஆடவிட்டார். வால்ஸ்கிஸ் 15 கோல். அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று வென்று, அங்கே 4-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் தப்பித்தோம். ஃபைனல் 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளில்லாத கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. அதன் பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். இதை இன்னும் மன்னிக்காதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே 2021-22இல் 43 புள்ளிகளோடு, லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்களுக்குத் தரும் லீக் ஷீல்டையும் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க்கில் ஒரு சீசன். 2023இல் மீண்டும் சென்னை. 2023-24இல் ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். 2024-25இல் பதினொன்றாம் இடம். அந்தக் கடைசி ஆண்டை யாரும் நியாயப்படுத்த முடியாது. முன்னால் ஏறிப் போகிற ஆட்டத்துக்குப் பின்னால் காவல் இல்லாமல் பல கோல்கள் வாங்கினோம்.

குழுவில் கருத்து இரண்டாகவே இருக்கிறது. என் சொந்தக் கருத்தையும் பதிவு செய்கிறேன்: போனவர் திரும்பி வந்தார், அது பர்ன்லிக்குக் கிடைக்காதது. படம் மாட்டலாம். எந்தப் படம் என்பதில் 2020 அரையிறுதி நாளே பொருத்தம், கோப்பையோடு எடுத்த ஜாம்ஷெட்பூர் படம் வேண்டாம்.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்கள் உள்ளன. ஒன்று மேற்படி படம். மற்றொன்று, கிரவுண்டில் வைக்க ஏ.இ.டி., அதாவது இதயத்துடிப்பை மீட்க மின் அதிர்ச்சி தரும் கருவி வாங்கத் தனி நிதி திரட்டுவது. நேரம் போதாவிட்டால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்