அஞ்சலிக் கூட்டத்தில் விடுபட்ட வாசகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தியடிகள் நினைவு நாளான ஜனவரி 30 அன்று காலை பதினோரு மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறோம். எங்கள் ஊரில் அந்த மௌனத்துக்குப் பிறகு கீதை, குர்ஆன், விவிலியம் ஆகியவற்றிலிருந்து சில வரிகளை ஓதித் திருவாசகப் பாடல் ஒன்றோடு முடிப்பது நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு குர்ஆன் வாசகம் மட்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. கேட்டதற்கு, "வீண் சர்ச்சை எதற்கு?" என்றார்கள்.

இது சிறிய விஷயம் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. இதே சர்ச்சையைக் காந்தியடிகள் தம் இறுதி ஆண்டில் நேருக்கு நேர் சந்தித்தார். 1947 ஏப்ரலில், தில்லியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தங்கியிருந்தபோது, மாலைப் பிரார்த்தனையில் குர்ஆன் ஓதக் கூடாது என்று சிலர் எழுந்து தடுத்தனர். எதிர்த்தவர்களை வெளியேற்ற அவர் விரும்பவில்லை. அந்த வாசகத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை ஓதவும் அவர் மனம் இசையவில்லை. பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். 1948 ஜனவரி 13 அன்று அவர் தொடங்கிய உண்ணாவிரதம், தில்லி முஸ்லிம்கள் அச்சமின்றி வாழலாம் என்றும், மெஹ்ரோலியில் சூஃபி ஞானி குத்புதீன் பக்தியார் தர்காவின் ஆண்டு விழாவான உரூஸ் வழக்கம்போல் நடக்கலாம் என்றும் பல தரப்பினரும் உறுதியளித்த பிறகே 18ஆம் தேதி முடிந்தது. 27ஆம் தேதி அந்த உரூஸுக்கு அவரே சென்று வந்தார். மூன்றாம் நாள் மாலை 5.17 மணிக்குப் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் சுடப்பட்டபோது, அதே சர்வமதப் பிரார்த்தனைக்குத்தான் அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அன்றிரவு எங்கள் வளவில் உலை வைக்கவில்லை என்று அப்பத்தா சொல்லுவார். கொன்றவர் ஓர் இந்து என்று வானொலி சொன்ன செய்தி ஊருக்கு எட்டிய பிறகுதான், தெருக்கோடியில் இருந்த ராவுத்தர் வீட்டில் கதவைத் திறந்தார்களாம். அந்தக் கதவு அதுவரை ஏன் சாத்தியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கூட்டம் கலைந்தபோது ஒருவர், "கோவையிலும் மும்பையிலும் குண்டு வைத்தவர்களின் வேதத்தை நாம் ஏன் ஓத வேண்டும்?" என்று கேட்டார். அந்த ஊர்களில் உயிரிழந்தவர்களுக்காக அவர் படும் துயரம் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் காந்தியடிகளைக் கொன்றவர் பிறந்த சாதியைச் சேர்ந்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக, 1948இல் மகாராஷ்டிரத்தில் புணே, சாங்லி, கோலாப்பூர் வட்டாரங்களில் ஒரு பாவமும் அறியாத பிராமணக் குடும்பங்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன. அது பெரும் அநியாயம் என்பதை அந்த நண்பரும் மறுக்க மாட்டார். ஒருவன் செய்த கொலைக்கு அவன் இனத்தார் பொறுப்பில்லை என்றால், அந்த நியாயம் எல்லாருக்கும் உரியதுதானே?

நமது அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தையும் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் எல்லாருக்கும் தருகிறது. அந்த உணர்வை நம் சீமையில் வாழ்ந்து காட்டியவர் குன்றக்குடி அடிகளார். சைவ மடம் ஒன்றின் தலைவராக இருந்துகொண்டே, 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது அங்கே சென்று, இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே அமைதி திரும்ப உழைத்தார். அவர் திருநீற்றின் ஒளி அதனால் மங்கிவிடவில்லை.

ஆண்டுதோறும் அந்த வாசகத்தை ஓதி வந்த பெரியவர் இம்முறையும் வந்திருந்தார். ஓத அழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும், கடைசி வரிசையில் நின்று இரண்டு நிமிடமும் தலை குனிந்திருந்து, யாரிடமும் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். நிகழ்ச்சியை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த ஆண்டு நிரலில் குர்ஆனின் முதல் அத்தியாயமான அந்த ஏழு வசனங்களுக்கு மீண்டும் இடம் கொடுங்கள். அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி.